நாணயம் காத்த நாணயங்கள்

நம் மொழியில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். "அவர் நாணயமான மனிதர்" என்று சொல்லும்போது நாம் அவருடைய சட்டைப்பையை நினைப்பதில்லை; அவருடைய வாக்கை நினைக்கிறோம். காசுக்கும் வாக்குக்கும் உள்ள இந்த உறவை நம் முன்னோர் எப்போது கண்டுகொண்டார்களோ தெரியாது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் மன்னர்கள் அந்த உறவைச் சட்டமாகவே ஆக்கியிருந்தார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைநகரில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தவன் நான். பிறர் பணத்தை எண்ணியே வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு பழங்காசுகளைப் பற்றிப் படிப்பது பொழுதுபோக்காயிற்று. அப்படிப் படித்ததில் என்னை மிகவும் கவர்ந்த செய்திகளைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காசில்லாத நாட்டில் பிறந்த பென்னி

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியர் ஆட்சி பிரிட்டனை விட்டு விலகியது. அதன் பிறகு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்நாட்டில் காசு அடிக்கப்படவே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலில் சிறு பொற்காசுகள் வந்தன. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன் அருகிப்போய், சுண்டுவிரல் நகமளவு தடித்த வெள்ளிக் காசுகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் எந்த மன்னரின் பெயரும் இல்லை.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் விடை தெரியாதிருந்த இக்கேள்விக்கு 2024இல் ஓர் ஆய்வு விடை சொன்னது. கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள காசுகளை அறிவியல் முறையில் சோதித்தார்கள். முற்காலத்துக் காசுகளின் வெள்ளி பைசாந்தியப் பேரரசிலிருந்து வந்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கியது என்றும், எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஃபிரான்சில் உள்ள மெல் என்ற ஊரின் சுரங்க வெள்ளி பெருகியது என்றும் தெரியவந்தது. ஏதோ ஒரு செல்வர் வீட்டு வெள்ளித் தட்டு உருகி, எங்கோ ஒரு சந்தையில் ஆட்டுக்கு விலையாகியிருக்கிறது!

மெர்சியா நாட்டு மன்னர் ஓஃபா (கி.பி. 757-796) காலத்தில்தான் அகலமான, மெல்லிய வெள்ளிப் பென்னி நிலைபெற்றது. ஒரு பக்கம் மன்னர் பெயர், மறுபக்கம் காசடித்தவர் பெயர். அவருடைய அரசி கினத்ரித் பெயரிலும் காசுகள் வெளிவந்தன. ஆங்கிலோ-சாக்சன் அரசிகளில் இந்தச் சிறப்பைப் பெற்றவர் அவர் ஒருவரே. இயோபா என்ற காசடிப்பவர் அவற்றை அடித்தார்.

ஓஃபாவின் பெயரில் ஒரு பொற்காசும் உண்டு. பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் தினாரை அப்படியே பார்த்து அடித்தது அது. அரபு எழுத்துகளுக்கு நடுவே 'ஓஃபா மன்னர்' என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. ஆனால் அரபு எழுத்தை நேராகப் பிடித்தால் மன்னர் பெயர் தலைகீழாக நிற்கிறது. காசடித்தவருக்கு அரபு படிக்கத் தெரியவில்லை. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

240 பென்னி ஒரு பவுண்டு, 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு ஐரோப்பாவில் வேரூன்றியதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். பிரிட்டனில் அந்தக் கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை நீடித்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கை 1957இல் நாம் கைவிட்டபோது நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை நாள் தடுமாறினார்கள்! ஆயிரம் ஆண்டுக் கணக்கைக் கைவிட அவர்கள் எவ்வளவு தடுமாறியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வெள்ளி குறைந்தது, நம்பிக்கையும் குறைந்தது

ஒன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த வைக்கிங் படைகள் நாட்டைச் சூறையாடின. போருக்குப் பணம் வேண்டும், வெள்ளியோ இல்லை. மெர்சியாவிலும் வெஸ்ஸெக்ஸிலும் காசில் கலப்படம் புகுந்தது. 870களின் தொடக்கத்தில் சில பென்னிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் வெள்ளி. மீதி மட்ட உலோகம்.

கி.பி. 875ஐ ஒட்டி வெஸ்ஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் இதைச் சீர்திருத்தினார். மீண்டும் நல்ல வெள்ளி, சரியான எடை, புதிய வடிவம். வியப்பு என்னவென்றால், மெர்சியா மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃப் பெயரிலும் அதே வடிவத்தில், அதே தரத்தில் காசுகள் வந்திருக்கின்றன. ஆல்ஃபிரட்டின் ஆதரவில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பு, இந்த சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்ற அளவில் இகழ்ந்து ஒதுக்கிவிடுகிறது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் அருகே கிடைத்த புதையலிலோ இரு மன்னர்களின் காசுகளும் அருகருகே இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 2017இல் 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. வென்றவர்கள் எழுதிவைத்த வரலாற்றில் விடுபட்ட ஒரு கூட்டணியை மண்ணுக்குள் கிடந்த காசு சொல்லிவிட்டது.

இதே ஆல்ஃபிரட் நம் நாட்டுக்கும் காணிக்கை அனுப்பினார் என்று அந்த ஆண்டுக்குறிப்பு 883ஆம் ஆண்டின் கீழ்ச் சொல்கிறது. சிகெல்ம், ஆதல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் மன்னரின் காணிக்கையைக் கொண்டு சென்றார்களாம். தோமையார் என்றதும் நமக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வருகிறது. ஆனால் 'யூதேயா' என்பதையே எழுத்தர் 'இந்தியா' என்று பிழையாக எழுதிவிட்டார் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எனவே நாம் அதிகமாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்!

வெட்டிய கை

ஆல்ஃபிரட்டின் பேரர் ஆதல்ஸ்டன் (924-939) கிரேட்லி என்ற ஊரில் ஒரு சட்டம் இயற்றினார். மன்னரின் ஆட்சி எல்லை முழுவதும் ஒரே நாணயம். நகரத்துக்கு வெளியே எவரும் காசடிக்கக் கூடாது. எந்த நகரில் எத்தனை பேர் காசடிக்கலாம் என்ற பட்டியலும் அதில் உண்டு. லண்டனுக்கு எட்டுப் பேர், வின்செஸ்டருக்கு ஆறு பேர், கேன்டர்பரிக்கு ஏழு பேர். அந்த ஏழில் நால்வர் மன்னரின் ஆட்கள், இருவர் பேராயரின் ஆட்கள், ஒருவர் மடத்துத் தலைவரின் ஆள்.

காசடிப்பவர் குற்றம் செய்தார் என்று தெளிவானால், குற்றம் செய்த அந்தக் கையை வெட்டி, அவருடைய அக்கசாலையின் மேலேயே மாட்டிவைக்க வேண்டும் என்றது சட்டம். பின்னால் வந்த ஈதல்ரெட் மன்னரின் சட்டம், காட்டுக்குள் ஒளிந்து காசடிப்பவர்களுக்கு உயிரே போகும் என்றது.

கொடுமைதான். ஆனால் அக்காலத்தில் ஒரு பென்னி என்பது சில்லறைக் காசு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆதல்ஸ்டன் காலத்து லண்டன் சட்டம் பசுவுக்கு 20 பென்னி, பன்றிக்கு 10 பென்னி என்று மதிப்பிடுகிறது. ஒரு குடியானவன் ஆண்டு முழுவதும் வளர்த்த பன்றியைச் சந்தையில் விற்றுவிட்டு வீட்டுக்குக் கொண்டு போவது பத்தே காசு. அதில் இரண்டு கள்ளக்காசு என்றால் அவன் நிலை என்ன?

எட்கர் செய்த சீர்திருத்தம்

இவற்றையெல்லாம் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர் எட்கர் மன்னர் (959-975). நாட்டில் ஒரே நாணயம் செல்ல வேண்டும், அதை எவரும் மறுக்கக் கூடாது என்று அவர் சட்டம் சொன்னது. ஆயினும் நடைமுறையில் வட்டாரத்துக்கு ஒரு வடிவம், இடத்துக்கு ஓர் எடை என்றே காசுகள் இருந்தன. 973இல் பாத் நகரில் அவருக்குப் பெரும் முடிசூட்டு விழா நடந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் பழைய காசுகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டுப் புதிய பென்னி வந்தது.

புதிய காசின் ஒரு பக்கம் இடப்புறம் நோக்கிய மன்னரின் தலை. சுற்றிலும் 'எட்கர், ஆங்கிலேயரின் மன்னர்' என்ற பொருளில் இலத்தீன் எழுத்து. மறுபக்கம் நடுவில் சிறு சிலுவை. சுற்றிலும் காசடித்தவரின் பெயரும் அவருடைய ஊரின் பெயரும். ஏறத்தாழ 40 ஊர்களில் ஒரே வடிவம். பின்னர் அத்தகைய ஊர்கள் அறுபதையும் தாண்டின. அச்சுகளைச் செதுக்குவது மட்டும் மன்னரின் கட்டுப்பாட்டில், சில சமயம் ஓரிடத்திலும் சில சமயம் வட்டாரத்துக்கு ஓரிடமாகவும் நடந்தது.

வேலை எளியதுதான். கீழச்சை மரக்கட்டையில் இறுக்கிவிடுவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை கிராம் எடையுள்ள ஒரு காசு ஆயிற்று. நம் பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். சில்லறை வேண்டுமானால் பென்னியையே இரண்டாக, நான்காக வெட்டிக்கொண்டார்கள். நான்கில் ஒரு பங்கு என்ற பொருளில்தான் 'ஃபார்த்திங்' என்ற சொல்லே பிறந்தது.

காசாளனாக இருந்த எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பெயர்தான். காட்வின், லியோஃப்வின் என்று சாதாரணப் பெயர்கள். காசில் வெள்ளி குறைந்தால், எடை குறைந்தால், "யார் செய்தது?" என்று விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை. காசைத் திருப்பிப் பார்த்தால் போதும். மன்னரின் முகம் ஒரு பக்கம், பொறுப்பேற்றவரின் பெயர் மறுபக்கம். எங்கள் வங்கியில் கட்டுக் கட்டும்போது சுற்றும் தாளில் எண்ணியவர் கையொப்பம் இடுவோம். ஒரு தாள் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தச் சிறு கையொப்பம் எண்ணுகிறவரை எவ்வளவு கவனமாக எண்ண வைக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மாற்றியதால் யாருக்கு லாபம்?

எட்கருக்குப் பின் வந்தவர்கள் அந்த வடிவத்தோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காசின் உருவத்தை மாற்றினார்கள். முதலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1035க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று ஆய்வாளர் மைக்கேல் டாலி கணித்தார். கால அளவில் கருத்து வேறுபாடு உண்டு. அடிக்கடி மாறியது என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தில் கிடைக்கும் பல புதையல்களில் ஒரே வடிவக் காசுகளே உள்ளன. அதாவது பழையது உண்மையாகவே புழக்கத்திலிருந்து போயிருக்கிறது.

மக்கள் பழைய காசைக் கொண்டுவந்து கொடுத்துப் புதியது வாங்க வேண்டும். கொடுத்ததற்குச் சரியாகக் கிடைக்காது. அடித்த கூலியும் மன்னரின் பங்கும் கழியும். மன்னருக்கு இன்னொரு வழியிலும் வருமானம் வந்தது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடு, நாணயம் மாறும்போதெல்லாம் வொர்ஸ்டர் நகரத்துக் காசடிப்பவர் ஒவ்வொருவரும் லண்டனில் அச்சு வாங்க 20 ஷில்லிங் கட்டினார் என்கிறது. அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே சீர்திருத்தம் என்பது நேர்மைக்காக மட்டுமா, வரிக்காகவுமா என்றால் இரண்டுக்கும்தான். இதைப் படித்தபோது 2016 நவம்பர் 8 எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றிரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிய நான், அப்போது வெளியே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் குடியிருப்பில் துணி தேய்ப்பவர். அவர் மனைவி அரிசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்த எட்டுத் தாள்களுக்காக இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "தாளுக்குத் தாள் கொடுத்துவிடுவார்கள் பாபுஜி, இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். பிற்பாடு ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட தாள்கள் திரும்பி வந்துவிட்டன. அவருடைய கேள்வி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பத்துக் காசை முடிந்துகொண்டு நகரத்துக்கு நடந்த குடியானவனும் இதையேதான் கேட்டிருப்பான்.

சட்டம் எவ்வளவு கடுமையானாலும் சமாளிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. 2019இல் சாமர்செட் பகுதியின் செவ் பள்ளத்தாக்கில் 2,584 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1066ஆம் ஆண்டுப் போரை ஒட்டிய காலத்தவை. ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட ஹரால்டின் காசுகளும், வென்ற வில்லியமின் காசுகளும் அதில் இருந்தன. ஆண்டு முழுவதும் போரிலேயே கழிந்த ஹரால்டின் காசில் 'சமாதானம்' என்ற சொல் பொறித்திருப்பது விதியின் விளையாட்டு. சில காசுகளில் ஒரு பக்கம் பழைய மன்னர், மறுபக்கம் புதிய மன்னர்! புதிய அச்சுக்குக் காசு கட்டாமல் பழைய அச்சையே மறுபடி பயன்படுத்திய காசடிப்பவரின் வேலை அது. இந்தப் புதையலை 2024இல் 43 லட்சம் பவுண்டுக்கு அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள்.

நல்ல காசு, கெட்ட காலம்

இந்த முறையின் வலிமையே நாட்டுக்கு ஒரு சோதனையாகவும் ஆயிற்று. ஈதல்ரெட் மன்னர் (978-1016) காலத்தில் டேனியர் படையெடுப்பு மீண்டும் தொடங்கியது. சமாதானத்தை விலைக்கு வாங்கினார்கள். 991இல் 10,000 பவுண்டு, 994இல் 16,000, 1002இல் 24,000, 1012இல் 48,000. டேனிய மன்னர் கனூட் அரியணை ஏறியபின் 1018இல் 72,000 பவுண்டு வசூலானது. லண்டன் தனியாகக் கொடுத்தது வேறு. 72,000 பவுண்டு என்றால் 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பென்னி. ஆண்டுக்குறிப்பு தரும் இத்தொகைகள் மிகைப்படுத்தியவை என்று சொல்லும் அறிஞர்களும் உள்ளனர். பாதியே உண்மை என்றாலும் அக்காலத்தில் இவ்வளவு வெள்ளியை ஒழுங்காக வசூலிப்பது சாதாரணச் செயலல்ல.

சுவீடனில் உப்லாண்ட் பகுதியில் உள்ள ஒரு நடுகல், உல்ஃப் என்ற வீரன் இங்கிலாந்தில் மூன்று முறை கப்பப் பணத்தில் பங்கு பெற்றதைப் பெருமையாகச் சொல்கிறது. ஈதல்ரெட்டின் காசுகள் இங்கிலாந்தில் கிடைத்ததைவிட ஸ்காண்டினேவிய நாடுகளில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கத்தி முனையால் கீறிய வடுக்கள் உண்டு. சட்டம் செல்லுபடியாகும் இடத்தில் மன்னரின் முகம் போதும்; அதற்கு அப்பால் உலோகத்தைக் கீறித்தான் பார்ப்பார்கள். நம் ஊர்க் கடைக்காரர் காசைக் கல்லில் சுண்டிப் பார்ப்பதைப் போல.

1124இல், நார்மானிய மன்னர் முதலாம் ஹென்றி காலத்தில், காசு மறுபடியும் கெட்டது. சந்தைக்கு ஒரு பவுண்டு கொண்டு போனவனால் 12 பென்னிக்குக்கூடப் பொருள் வாங்க முடியவில்லை என்கிறது ஆண்டுக்குறிப்பு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாட்டின் காசடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்து வலது கையை வெட்டினார்கள்; அதைவிடக் கொடிய தண்டனையும் கொடுத்தார்கள். குற்றமற்றவர்களும் அதில் இருந்திருக்கக்கூடும். யாரை அழைப்பது என்று தேடியிருக்க வேண்டாம். பெயர்கள்தாம் காசிலேயே இருந்தனவே!

நமக்கு என்ன?

கை வெட்டும் சட்டம் வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டோம். ஆனால் பணத்தைச் செய்கிறவரும் மாற்றுகிறவரும் தம் பெயரை வெளிப்படையாக அதில் பொறித்துக்கொண்டு, குறை வந்தால் பதில் சொல்ல நிற்க வேண்டும் என்ற கொள்கை எக்காலத்துக்கும் பொருந்துவது. மன்னருக்கு அந்த விதி இல்லை என்பதுதான் எட்கர் செய்த ஏற்பாட்டின் குறை. காசடிப்பவர் தவறினால் கை போகும். நாணயத்தை அடிக்கடி மாற்றி மக்களின் பங்கைக் கழித்துக்கொண்ட மன்னருக்குத் தண்டனை ஏது?

நம் ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்கிறது; கூடவே ஒரு வாக்குறுதியும் இருக்கிறது. நாணயங்களிலும் ஒரு சிறு அடையாளம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அது நொய்டாவில் அடித்தது, வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அடுத்த முறை காய்கறிக்காரர் சில்லறை கொடுக்கும்போது பேரப்பிள்ளைகளிடம் காட்டி, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காசை எண்ணுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வரட்டும்.